ஒளியைச் செவியால் அளந்தவர்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்னும் பெயரைக் கேட்டதும் தொலைபேசியே எவர் நினைவிலும் எழும். பெல்லிடமே கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். தம் கண்டுபிடிப்புகளுள் தலையாயது தொலைபேசியன்று, ஒளிக்கதிரின் வழியே பேச்சை அனுப்பிய ஒளிபேசியே என்று அவர் தம் முதுமையிலும் கூறிவந்தார். உலகம் அதனை ஏற்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒளிபேசி எவர் வீட்டிற்கும் வந்து சேரவும் இல்லை. எனினும், அதனை உருவாக்கும் முயற்சியின் நடுவே அவர் செவியில் ஒரு மெல்லிய ஒலி விழுந்தது. காற்றில் மிதக்கும் புகைத்துகள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று இந்நாளில் அளக்கும் கருவிக்கு அவ்வொலியே வித்தாயிற்று.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவர் பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுக்கலை ஆசிரியர்கள். நாவும் இதழும் தொண்டையும் எவ்வெவ்வாறு அமைந்தால் எவ்வெவ்வொலி பிறக்கும் என்பதைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் முறை ஒன்றைத் தந்தையார் மெல்வில் பெல் வகுத்து, 1867இல் நூலாக வெளியிட்டார். தாயார் எலிசாவுக்கோ செவிப்புலன் மிகவும் குன்றியிருந்தது. பிறர் அவரிடம் ஊதுகுழல் போன்ற கேட்புக்குழாயில் உரக்கக் கூவுவார்கள். சிறுவன் கிரகாம் அவ்வாறு செய்வதில்லை. தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். தாய்க்கு அது விளங்கும். ஒலி என்பது காதிற்கு மட்டும் உரியதன்று, பொருள்களின் அதிர்வே ஒலி என்னும் உண்மையை நூலில் கற்கும் முன்னரே அவன் வீட்டில் அறிந்துகொண்டான் எனலாம்.

அவ்வீட்டைக் காசநோய் தாக்கியது. 1867இல் தம்பி எட்வர்டும், 1870இல் தமையன் மெல்வில்லும் அந்நோய்க்கு இரையாயினர். மூன்று மைந்தருள் எஞ்சியவர் கிரகாம் ஒருவரே. அவர் உடல்நலமும் தளர்ந்திருந்தது. தூய காற்றாவது இம்மகனைக் காக்கட்டும் என்று எண்ணிய பெற்றோர், அவ்வாண்டிலேயே கடல் கடந்து கனடா நாட்டின் பிராண்ட்போர்டு என்னும் ஊரில் குடியேறினர். மகன் தேறினார். 1871இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, காது கேளாத சிறுவர்க்குப் பேசக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

தொலைபேசியின் கதை பலரும் அறிந்தது. 1876ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனைப் பெல் கம்பியின் வழியே அழைத்தார். அவரும் கேட்டு ஓடிவந்தார். அப்போது பெல்லுக்கு வயது 29. மறு ஆண்டில் மேபெல் ஹப்பர்டு என்னும் நங்கையை மணந்தார். ஐந்து வயதில் வந்த கடுங்காய்ச்சலால் அவ்வம்மையார் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தவர். இதழசைவைப் பார்த்தே பிறர் பேச்சை உணர்பவர். கணவர் கண்ட கருவியின் ஒலியை அவர் ஒரு முறையேனும் கேட்டதில்லை.

புகழோடு வழக்குகளும் வந்தன. காப்புரிமையை எதிர்த்து ஏறத்தாழ 600 வழக்குகள் தொடுக்கப்பட்டன. வணிகமும் நீதிமன்றமும் பெல்லுக்கு ஒத்துவரவில்லை. 1880இல் பிரெஞ்சு அரசு வோல்ட்டா பரிசாக 50,000 பிராங்கு வழங்கியது. அப்பொருளைக் கொண்டு வாஷிங்டன் நகரில் அவர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவி செய்வதில் கைதேர்ந்த சார்லஸ் சம்னர் டெயின்டர் என்பார் அங்கே அவருக்குத் துணையாக இருந்தார்.

செலீனியம் என்னும் தனிமத்திற்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. அதன் மீது ஒளி பட்டால் மின்னோட்டம் அதனுள் எளிதாகச் செல்லும்; இருளில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. இவ்வியல்பு 1873இல் வெளியாயிற்று. பெல் இதனைப் பற்றிச் சிந்தித்தார். மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றின் பின்னே நின்று பேசினால், பேச்சிற்கேற்ப அத்தகடு அதிரும். அதன் மீது பட்டுத் திரும்பும் கதிரவன் ஒளி ஒருகால் விரியும், ஒருகால் குவியும். தொலைவில் அவ்வொளியைச் செலீனியத்தின் மீது விழச் செய்தால், மின்னோட்டமும் அவ்வாறே கூடிக் குறையும். தொலைபேசிக் குழாயில் பேச்சு மீண்டும் பிறக்கும். கம்பியே வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆய்வுக்கூடத்திற்குள் இம்முயற்சி வெற்றி பெற்றது. சில நாள் முன்னர்தான் பெல்லுக்கு இரண்டாம் மகள் பிறந்திருந்தாள். அக்குழந்தைக்கு ஒளிபேசி என்றே பெயர் வைக்க அவர் விரும்பினார் என்றும், மனைவியார் இசையவில்லை என்றும் கூறுவர். மகளின் நற்பேறு!

அவ்வாண்டிலேயே பிராங்ளின் பள்ளியின் மேல்மாடியில் டெயின்டர் நின்றார். 213 மீட்டர் தொலைவில் தம் ஆய்வுக்கூடத்தின் பலகணியருகே பெல் நின்றார். தாம் சொல்வது கேட்டால் தொப்பியை அசைக்கும்படி டெயின்டர் ஒளியின் வழியே கூறினார். பெல் தொப்பியை அசைத்தார்.

ஆயினும் ஒளிபேசிக்கு ஒரு குறை இருந்தது. முகில் மறைத்தால் பேச்சு நிற்கும். மழையும் மூடுபனியும் குறுக்கிட்டாலும் அவ்வாறே. காற்றில் மிதப்பவை ஒளியைத் திருடிக்கொள்ளும். அத்திருட்டை அளப்பதற்கே தம் ஆய்வு ஒருநாள் பயன்படும் என்பதை அப்போது பெல் எவ்வாறு அறிந்திருக்க இயலும்?

ஆய்வின் நடுவே பெல் வேறொன்றைக் கண்டார். செலீனியமும் மின்கலமும் இன்றியே சில பொருள்கள் ஒளி பட்டதும் தாமே ஒலித்தன. துளைகள் இட்ட வட்டத் தட்டு ஒன்றைச் சுழற்றி, கதிரவன் ஒளியை அத்துளைகளின் வழியே விட்டுவிட்டு வரச் செய்தார். ஒரு பொருளின் மெல்லிய தகட்டில் அவ்வொளி விழுந்தது. தகட்டின் பின்னே ஒரு குழாயைப் பொருத்திக் காதில் வைத்தார். இசைபோன்ற ஒலி கேட்டது. ஒளி வினாடிக்கு எத்தனை முறை விட்டுவிட்டு வந்ததோ, அத்தனை அதிர்வுடைய சுருதியாக அது அமைந்தது. பொன், வெள்ளி, இரும்பு, தந்தம், தாள், மரம், ரப்பர் எனக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சோதித்தார். 1880ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாஸ்டன் நகரில் கூடிய அறிவியலார் பேரவையில் இதனை அறிவித்தார். இரண்டு பொருள்கள் மட்டும் ஒலிக்கவில்லை என்று அப்போது அவர் குறிப்பிட்டார். நுண்ணோக்கியில் பயன்படும் மெல்லிய கண்ணாடி ஒன்று, மற்றொன்று கரி.

கரி ஊமையென்று எழுதிய அக்கையே விரைவில் அதனைத் திருத்தி எழுத நேர்ந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பெல் ஐரோப்பா சென்றார். இலண்டன் மாநகரில் ஜான் டிண்டல் என்னும் பேரறிஞரைக் கண்டு இவ்வொலியைப் பற்றி உரையாடினார். எந்தெந்த வளிகள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்று 1859 முதலாக அளந்தவர் டிண்டல். ஒளி பொருளை நேராகத் தட்டி ஒலிக்கச் செய்வதில்லை. பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நிகழ்வதால் ஒலி பிறக்கிறது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், வெப்பக் கதிர்களை மிகுதியாக உறிஞ்சும் வளி உரக்க ஒலிக்க வேண்டும். உறிஞ்சாத வளி ஊமையாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்தபோது அவ்வாறே இருந்தது.

அதே வேளையில் வாஷிங்டனில் டெயின்டர் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தார். தகடுகளை விடுத்துப் பஞ்சைச் சோதனைக் குழாயில் இட்டு ஒளியைப் பாய்ச்சினார். தகடுகளைவிடப் பஞ்சு உரக்க ஒலித்தது. கம்பளி நூலும் பட்டும் அவ்வாறே ஒலித்தன. வெண்மையானவற்றினும் கருநிறமுடையவை மிகுதியாக ஒலிப்பதை அவர் கண்டார். கருமைதான் காரணம் என்றால், எல்லாவற்றினும் கரியதை எடுத்துப் பார்க்கலாமே! எரியும் விளக்கின் சுடர்மேல் ஒரு தட்டைப் பிடித்தால் மெல்லிய கரி படியுமன்றோ? அக்கரியைப் பஞ்சில் தடவினார், ஒலி பன்மடங்காயிற்று. பின்னர் அக்கரியை மட்டும் வைத்துப் பார்த்தார். அதுவரை சோதித்த பொருள் எதுவும் அவ்வளவு உரக்க ஒலித்ததில்லை. குழாயை ஒட்டி வைத்த காது வலிக்கும் அளவிற்கு ஒலி எழுந்தது.

தகடாக இருந்தபோது வாய் திறவாத கரி, துகளாக இருந்தபோது ஏன் கூவியது? பெல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். விளக்குக் கரி கடற்பஞ்சைப் போன்றது. நுண்ணிய துகள்களுக்கிடையே எண்ணற்ற சிறு துளைகள் உள்ளன. அவற்றில் காற்று நிறைந்துள்ளது. ஒளி பட்டதும் துகள்கள் சூடாகின்றன. அவற்றைச் சூழ்ந்த காற்றும் சூடாகி விரிந்து வெளியே தள்ளப்படுகிறது. ஒளி நின்றதும் ஆறிச் சுருங்குகிறது. காற்றின் இவ்வசைவே ஒலியாகக் கேட்கிறது. நுண்துகளும் அதனைச் சூழ்ந்த காற்றும் என்ற இவ்விரண்டுமே இக்கதையின் உயிர்நிலை ஆகும்.

பெல் நாடு திரும்பியதும் ஆய்வு மேலும் விரைந்தது. ஒரு வெற்றுக் கலத்தின் உட்புறத்தில் விளக்குக் கரியைப் படியச் செய்து, விட்டுவிட்டு வரும் ஒளியை அதனுள் செலுத்தினார். துளைத்தட்டை மிக விரைவாகச் சுழலவிட்டு, பின்னர் அது தானே மெல்ல ஓயுமாறு விட்டுவிட்டார். முதலில் ஒலி மிக மெலிதாக இருந்தது. தட்டின் வேகம் குறையக் குறையச் சுருதி தாழ்ந்தது. அக்கலத்திற்கே இயல்பாக உரிய சுருதியை நெருங்கியதும் ஒலி திடீரெனப் பெருகிற்று. நூற்றுக்கணக்கானோர் கூடிய அவையிலும் கேட்கும் அளவிற்கு அது எழுந்தது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு தள்ளலும் பேராட்டம் ஆவது போன்றது இது.

அடுத்து அவர் செய்த கருவிதான் அளவைக் கருவி. கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது ஊதா முதல் சிவப்பு வரை நிறமாலையாக விரியும். அந்நிறமாலையைக் காணும் கருவியில், கண் வைத்துப் பார்க்கும் வில்லையை எடுத்துவிட்டு, சிறு பிளவு ஒன்றின் பின்னே சோதிக்கும் பொருளை வைத்துச் செவிக்குழாயைப் பொருத்தினார். பிளவை நிறத்திற்கு நிறம் நகர்த்திக்கொண்டே கேட்டார். சிவப்புக் கம்பளி நூல் பச்சை ஒளியில் மிக உரக்க ஒலித்தது. பச்சைப் பட்டு சிவப்பு ஒளியில் மிக உரக்க ஒலித்தது. இதில் புதிர் ஏதுமில்லை. சிவப்புப் பொருள் சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆதலால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றுகிறது. பச்சை ஒளியையோ அது விழுங்கிவிடுகிறது. பொருள் திருப்பி அனுப்பும் ஒளியைக் கண் காண்கிறது. பொருள் விழுங்கும் ஒளியைச் செவி கேட்கிறது. விளக்குக் கரி மட்டும் ஊதாவின் கடைக்கோடி நீங்கலாக எல்லா நிறத்திலும் ஒலித்தது. சிவப்பிற்கும் அப்பால், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பகுதியில் அதன் ஒலி உச்சத்தை எட்டியது.

1881ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன் பெல் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். கண்ணுக்குப் புலனாகும் நிறங்களை ஆராய்வதில் செவி கண்ணோடு போட்டியிட முடியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கண் பயன்படாத அகச்சிவப்பில்தான் இக்கருவிக்கு மதிப்பு என்று கருதினார்.

அந்த ஆண்டின் கோடை அவர் வாழ்வில் மிகக் கொடியது. ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டு எங்கே உள்ளது என்று மருத்துவர்களால் அறிய முடியவில்லை. பெல் எல்லா ஆய்வையும் நிறுத்திவிட்டு, உலோகத்தின் இருப்பை ஒலியால் காட்டும் கருவி ஒன்றை இரவுபகலாக உழைத்துச் செய்தார். தலைவரின் உடலில் அது குண்டைக் காட்டவில்லை. செப்டம்பரில் தலைவர் மறைந்தார். இதற்கிடையே ஆகஸ்டு 15ஆம் நாள் பெல்லுக்கு ஓர் ஆண்மகவு பிறந்து, மூச்சுவிட இயலாமல் சில மணி நேரத்தில் மாண்டது. இழந்த தம்பியின் பெயராகிய எட்வர்டு என்பதே அம்மகவின் பெயர். துயரத்தில் மூழ்கிய பெல், மூச்சுத் திணறுவோரின் மார்பைச் சுற்றிப் பொருத்திக் காற்றை உள்ளிழுக்கச் செய்யும் உறை ஒன்றை ஆக்கினார். பிற்காலத்துச் செயற்கை மூச்சுக் கருவிகளுக்கு அது முன்னோடி.

ஒலிக்கும் ஒளியின் ஆய்வு அத்துடன் மங்கியது. கதிரவன் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒலியை அளக்க மனிதச் செவியன்றி வேறு கருவி இல்லை. ஒரு செவி கேட்டது மற்றொரு செவிக்குக் கேட்பதில்லை. இன்று கேட்ட அளவு நாளை நினைவில் நிற்பதில்லை. எண்ணாக எழுத முடியாத அளவை அறிவியலில் நெடுநாள் நிலைப்பதில்லை.

பெல் மேலும் நாற்பதாண்டு வாழ்ந்தார். காது கேளாதோர் கல்விக்குப் பெரும்பொருள் ஈந்தார். ஆயினும் அவர்களுக்குக் கைச்சைகை மொழி வேண்டாம், வாய்ப்பேச்சு ஒன்றே போதும் என்று அவர் பிடிவாதமாக நின்றது அம்மக்கள் பலருக்குத் தீராத மனக்குறை ஆயிற்று. அவர் பெருமையைச் சொல்வோர் இதனையும் சொல்லியே தீர வேண்டும். கனடாவின் பாடெக் என்னும் ஊரில் மாளிகை கட்டி வாழ்ந்தார். பறக்கும் ஊர்திகளைச் செய்து பார்த்தார். 1917இல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், நிலக்கரியும் எண்ணெயும் ஒருமுறை எரித்தால் மீளாதவை என எச்சரித்து, பயிர்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலை எரிபொருளாகக் கொள்ளலாம் என்று கூறினார். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் மௌனமாயின.

பெல்லின் செவிக்குழாய்க்குப் பதிலாக நுட்பமான மைக்கும், கதிரவனுக்குப் பதிலாக லேசர் ஒளியும் வந்த பின்னரே அவர் கேட்ட ஒலி மீண்டும் மதிப்புப் பெற்றது. 1970களில் அறிஞர்கள் அதனைக் காற்றில் மிதக்கும் துகள்களின்பால் திருப்பினர். அதற்குக் காரணம் இருந்தது. காற்றில் மிதக்கும் துகள் தன்மேல் படும் ஒளியை இரு வகையில் குறைக்கும். சிலவற்றை நாற்புறமும் சிதறவிடும்; சிலவற்றை விழுங்கிச் சூடாகும். கடலுப்பின் துகள் பெரும்பாலும் சிதறச் செய்வது. ஆதலால் நிலத்திற்கு வரும் வெயிலைக் குறைத்துக் குளிர்விக்கும். புகைக்கரியோ விழுங்குவது, ஆதலால் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். புகையினூடே ஒளியைச் செலுத்தி எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் இவ்விரண்டும் கலந்தே தெரியும். புகையை வடிதாளில் பிடித்து அதன் கருமையை அளக்கலாம் எனில், தாளின் இழைகளுக்கிடையே ஒளி பலமுறை அங்குமிங்கும் சிதறுவதால் கணக்குப் பிழைபடும். துகள் காற்றில் மிதந்தபடியே இருக்க, அது விழுங்கிய ஒளியை மட்டும் தனியே அறிய வேண்டும். சிதறிய ஒளி ஒலி எழுப்புவதில்லை. விழுங்கிய ஒளியே எழுப்பும்.

ஆகவே, புகை கலந்த காற்றை ஒரு குழாயினுள் செலுத்துகிறார்கள். வினாடிக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் முறை கூடிக் குறையும் லேசர் கதிரை அதனுள் பாய்ச்சுகிறார்கள். அக்குழாய்க்கு இயல்பான சுருதியும் அதுவே ஆகுமாறு அதன் நீளத்தை அமைக்கிறார்கள். துகள் சூடாகிறது, அச்சூடு நொடிப்பொழுதில் சுற்றியுள்ள காற்றுக்குச் செல்கிறது, காற்று விரிந்து அதிர்கிறது, மைக் அதனை வாங்குகிறது. ஒலியின் அளவிலிருந்து உறிஞ்சிய ஒளியின் அளவு கணக்கிடப்படுகிறது. கருவி சரியாக இருக்கிறதா என்று அறிய, எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று முன்னரே தெரிந்த நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வளியை முதலில் செலுத்திச் சரிபார்க்கிறார்கள்.

வண்டிகளின் புகைக்குழாயருகிலும் நகரத் தெருக்களிலும் இக்கருவிகள் வேலை செய்கின்றன. காட்டுத்தீயின் புகைக்குள் விமானத்தில் ஏற்றிச் செல்லப்படுவதும் உண்டு. அவற்றுட் சில, சிவப்பு, பச்சை, ஊதா என வெவ்வேறு நிற லேசர்களை மாற்றி மாற்றிப் பாய்ச்சுகின்றன. டீசல் கரி எல்லா நிறத்திலும் ஒலிக்கிறது. புகைந்தெரியும் விறகின் பழுப்பு நிறப் புகையோ சிவப்பில் மெல்லொலி எழுப்பி, ஊதாவில் உரக்க ஒலிக்கிறது. இவ்வாறு, வந்த புகை வண்டியுடையதா, எரிந்த மரத்தினுடையதா என்பதையும் அந்த ஒலியைக் கொண்டே பெரிதும் பிரித்தறிய முடிகிறது.